பீடத்துத் திராட்சை இரசம்: அது நம்மிடம் வந்த வரலாறு



யூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், நன்கொடையாளர் பட்டியலும் அதில் இடம்பெறுவது மரபு. அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. பூசை வேளையில் பீடச் சிறுவன் ஏந்தி வரும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஒன்றில் தண்ணீர். மற்றொன்றில் திராட்சை இரசம். அந்த இரண்டாவது குப்பியின் வரலாறே இக்கட்டுரை.

இதை எழுதும்படி நம்மைத் தூண்டியவர்கள் இருவர். யூபிலி ஏற்பாடுகள் தொடங்கிய சில நாட்களில், வயது முதிர்ந்த ஒரு பாட்டி முந்தானைக்குள் ஒரு புட்டியை மறைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். “சாமி, இது நானே வீட்டுல போட்ட ஒயின். யூபிலிப் பூசைக்கு இதைத்தான் வைக்கணும். என் கடைசி ஆசை” என்றார். திராட்சைப் பழத்தோடு சர்க்கரை, கோதுமை, இலவங்கம் எல்லாம் சேர்த்து நாற்பது நாள் ஊறவைத்த இரசம் அது. நல்ல மணம். ஆயினும் அதைப் பீடத்திற்கு ஏற்க இயலாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. பாட்டியின் முகம் வாடிப்போனது.

அதே வாரத்தில், நம் பங்கிற்கு மருமகளாக வந்து ஞானஸ்நானம் பெற்ற இளம்பெண் ஒருத்தி தன் கணவனோடு வந்தாள். யூபிலித் திருப்பலியில் இளந்தம்பதியர்க்கு அப்ப, இரச வடிவங்கள் இரண்டிலும் நற்கருணை வழங்குவதாக அறிவித்திருந்தோம். “சாமி, எங்க அம்மா வீட்டுல முட்டைகூடத் தொடமாட்டோம். நானும் இன்னும் அப்படித்தான். ஒயின்ல முட்டை, மீன் எல்லாம் போட்டுத் தெளிய வைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம கோயில் இரசம் எப்படி?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். குருப்பட்டம் பெற்று இத்தனை ஆண்டுகள் நாள்தோறும் அந்த இரசத்தைக் கையில் ஏந்திய நமக்கு, இக்கேள்விக்கு விடை தெரியவில்லை. “விசாரித்துச் சொல்கிறோம், மகளே” என்று அனுப்பிவைத்தோம். அவ்வாறு விசாரித்ததில் கிடைத்தவற்றையே இங்கு உங்கள்முன் வைக்கிறோம்.

யவனர் மதுவும் நம் நாட்டுப் பாதையும்

நம் கொடும்பாளூர் திராட்சை விளையும் ஊரன்று. செம்மண்ணும் ஏரிப் பாசனமும் வானம் பார்த்த பூமியும் நம் பகுதியின் இயல்பு. ஆயினும் இது பழம்பெருமை வாய்ந்த ஊர். இருக்குவேளிர் தலைநகராக விளங்கி, மூவர் கோயிலால் புகழ்பெற்றது. உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் கொடும்பாளூரைக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். இன்றும் திருச்சி மதுரை நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்கிறது. இத்தகைய ஊர்களுக்கு வெளிநாட்டுப் பொருள்களின் செய்தியாவது வந்து சேராமல் இருந்திராது.

யவனர்கள் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது முதலியவற்றை ஏற்றிவந்த கூர்முனை மண்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே, கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமைப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. மிளகும் முத்தும் துணியும் வாங்கப் பொன் வந்தது. அதே கப்பல்களில் மதுவும் வந்தது. ஆக, திராட்சை மது தமிழ் மண்ணுக்கு ஈராயிரம் ஆண்டுகளாகப் பழக்கமான பொருள்; ஆனால் வெளியிலிருந்தே வந்த பொருள்.

உலர்ந்த திராட்சையும் உதயம்பேரூர்ச் சங்கமும்

இதுவே நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் பெரும் இக்கட்டாக இருந்தது. நமக்குச் சோறு எப்படியோ, அப்படி மத்தியதரைக் கடலோர மக்களுக்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் அன்றாட உணவு. அவற்றையே ஆண்டவர் இறுதி இராவுணவில் தம் கையில் எடுத்தார். ஆனால் தென்னையும் பனையும் நிறைந்த நாட்டில் திராட்சை இரசத்துக்கு எங்கே போவது?

மலையாளக் கரையில் வாழ்ந்த தோமா கிறிஸ்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். அரபு வணிகர் கொண்டுவரும் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றைப் பூசைக்குப் பயன்படுத்தினர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா இதை எழுதிவைத்துள்ளார். 1599ஆம் ஆண்டு கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் இவ்வழக்கத்தை ஐயத்தோடு நோக்கியது. போர்த்துக்கல் நாட்டுத் திராட்சை இரசமே வேண்டும் என்று கூறி, ஆண்டுதோறும் அதை அனுப்பிவைக்க அந்நாட்டு அரசரிடம் விண்ணப்பிப்பது என்றும் தீர்மானித்தது. அச்சங்கம் அம்மக்களின் பழைய மரபுகள் பலவற்றைக் கடுமையாக நடத்தியது என்பது வரலாறு. ஆயினும், பீடத்து இரசம் ஐயத்திற்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்ற கவலை மட்டும் நியாயமானதே. பிற்காலத்தில் உரோமை, நிறத்தாலும் சுவையாலும் உண்மையான திராட்சை மது என்று அறியக்கூடியதாக இருந்தால், உலர்ந்த திராட்சையில் செய்ததும் செல்லும் என்று விடையளித்தது.

துறவியின் கிண்ணம்

இனி நம் மதுரை மிஷனுக்கு வருவோம். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளார், இந்நாட்டுத் துறவியரைப் போல் காவி உடுத்து, புலால், மீன், முட்டை, மது அனைத்தையும் விலக்கி, சோறும் காய்கறியும் பாலும் கொண்டு ஒருவேளை உணவோடு வாழ்ந்தார். உரோமையில் உயர்குடியில் பிறந்தவர். உணவுக்கு மது அருந்துவது அவர் நாட்டில் குற்றமன்று. ஆயினும் தாம் யாருக்கு நற்செய்தி சொல்ல வந்தாரோ அவர்களுக்கு அது இடறலாகும் என்று கண்டு விட்டுவிட்டார். மதுவை முற்றும் துறந்த அத்துறவி, காலையில் பீடத்தில் நிற்கும்போது மட்டும் திராட்சை இரசத்தை ஏந்தினார். ஏனெனில் அதை மாற்ற அவருக்கு உரிமையில்லை. தம் உரிமையில் இருந்ததைப் பிறருக்காக விட்டார். ஆண்டவருடையதை அப்படியே காத்தார்.

நமக்கு அண்மையிலுள்ள ஆவூர், அந்த மிஷனின் முக்கிய நிலையங்களுள் ஒன்று. அங்கே பணியாற்றிய வீரமாமுனிவரும் அதே துறவு வழியில் நடந்தவர். இத்தாலியிலும் போர்த்துக்கல்லிலும் பழுத்த பழத்தின் சாறு, கடல் கடந்து, கோவாவும் கொச்சியும் கடந்து, நம் முன்னோரின் கூரைக் கோயில்களுக்கு வந்து சேர்ந்த காலம் அது. ஒரு துளியும் வீணாகாமல் காத்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை

கடல் கடந்து வந்த நிலை மாறியதற்கு, திராட்சைக் கொடியே நம் நாட்டில் வேரூன்றியது ஒரு காரணம். இன்று சந்தையில் நாம் வாங்கும் கருநீலப் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனத்தைச் சேர்ந்தது. 1832ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குரு ஒருவரே இதனைத் தமிழகத்தில் அறிமுகப்படுத்தினார் என்று சொல்லப்படுகிறது. 1895ஆம் ஆண்டு பென்னிகுவிக் துரையின் முயற்சியால் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கு நீர்வளம் பெற்றது. இன்று இராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி முதலிய ஊர்களில் பந்தல் பந்தலாகத் திராட்சை விளைகிறது. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. அங்கோ கொடியைக் கவாத்து செய்யும் முறையால் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023ஆம் ஆண்டு கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கிடையே மதுவிலக்கும் வந்தது. 1937ஆம் ஆண்டு இராஜாஜி அவர்களின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் பரவியது. அப்போதும் வழிபாட்டுத் தேவையை அரசு மதித்து, உரிமத்தின்பேரில் திருப்பலி இரசத்திற்கு இடமளித்தது. இன்றும் அதற்கு உரிமமும் கணக்கும் உண்டு. ஆகவேதான் நாம் கடையில் வாங்குவதில்லை. திருச்சபை அங்கீகரித்த இடத்தில் தயாரானதையே பெறுகிறோம்.

இயற்கையான இரசம் என்பது எது?

1439ஆம் ஆண்டு புளோரன்ஸ் பொதுச்சங்கம், இத்திருவருட்சாதனத்திற்குரிய பொருள் கோதுமை அப்பமும், சிறிது நீர் கலந்த திராட்சை இரசமும் என்று வரையறுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி, இரசம் திராட்சைக் கொடியின் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வேறு பொருள்கள் கலந்ததும் ஐயத்திற்குரியதும் கூடாது என்று 2004ஆம் ஆண்டு உரோமை மீண்டும் வலியுறுத்தியது. 2017ஆம் ஆண்டிலும், அப்பமும் இரசமும் கடைகளில்கூட விற்கப்படும் இக்காலத்தில் ஆயர்கள் விழிப்பாயிருக்க வேண்டும் என்று சுற்றுமடல் வந்தது.

இவ்விதியை அறிய, இரசம் உண்டாகும் முறையை அறிய வேண்டும். பழத்தை நசுக்கி வைத்தால், தோலிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையைத் தின்று அதைச் சாராயச் சத்தாகவும் கரிவாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீதம் சாராயச் சத்து உண்டாகும். 200 கிராம் இருந்தால் கிட்டத்தட்ட 12 சதவீதம். 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் இதை ஆராய்ந்து விளக்கும்வரை, இது ஏன் நிகழ்கிறது என்பது தெரியாமலே மனிதர் பல்லாயிரம் ஆண்டுகள் மது செய்துவந்தனர்.

நம் பாட்டியின் இரசம் ஏன் பீடத்திற்கு ஆகாது என்பது இப்போது விளங்கும். அதில் பாதிக்குமேல் தண்ணீரும், கரும்புச் சர்க்கரையும், கோதுமையும் இருந்தன. அதன் சாராயச் சத்தில் பெரும்பகுதி திராட்சையிலிருந்து வரவில்லை, கரும்பிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அது மிக நன்று; கொடியின் கனி மட்டும் என்ற விதிக்கு அது பொருந்தாது. இரசம் கெடாதிருக்க வலுச்சேர்க்க வேண்டுமானால், திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் சேர்க்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உரோமை விடையளித்திருக்கிறது.

கெட்டுப்போகாதது என்ற சொல்லின் கனத்தை நாம் சொந்த அனுபவத்தில் அறிவோம். நாம் இளங்குருவாக இருந்தபோது, ஒரு கிளைக் கிராமத்தில் சித்திரை மாதத் திருவிழாப் பூசை. தகரக் கூரைக்குக் கீழே, பாதி தீர்ந்த புட்டியைச் சரியாக மூடாமல் பல வாரங்கள் விட்டுவைத்திருந்தோம். பூசைக்குமுன் குப்பியில் ஊற்றியபோது காடி வாடை குப்பென்று அடித்தது. காற்றுப்பட்டால் இரசத்தை வேறொரு நுண்ணுயிர் காடியாக்கிவிடும். காடியானது திராட்சை இரசமன்று, அதில் பூசை செல்லாது. உபதேசியார் மிதிவண்டியில் அடுத்த பங்கிற்கு ஓடினார். கைக்குழந்தைகளோடும் முதியோரோடும் சனங்கள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தவறு முழுவதும் நம்முடையது. அன்றிலிருந்து புட்டியை முகர்ந்து பாராமல் நாம் பீடம் ஏறியதில்லை.

தெளியவைக்கும் முறையும் சைவமும்

இப்போது இளம்பெண்ணின் கேள்விக்கு வருவோம். புதிய இரசம் கலங்கலாக இருக்கும். அதைத் தெளியவைக்க ஐரோப்பாவில் நெடுங்காலமாக முட்டை வெண்கருவைச் சேர்ப்பதுண்டு. 225 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெண்கரு போதும். அதிலுள்ள புரதம், இரசத்தின் துவர்ப்புப் பொருளோடு ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்வர். கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு நம் தாய்மார் தெளியவைத்ததும் ஏறத்தாழ இது போன்றதே. போர்த்துக்கல் கன்னியர் மடங்களில் முட்டை மஞ்சள் கருவால் செய்யும் இனிப்புகள் பெருகியதற்கு, வெண்கரு இந்த வேலைக்கும் உடைக்குக் கஞ்சி போடவும் செலவானதே காரணம் என்பர். முட்டையேயன்றி, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை, மாட்டெலும்பு, தோல் முதலியவற்றின் ஜெலட்டின், பாலின் புரதம் ஆகியவையும் இதற்குப் பயன்படுகின்றன. ஆக, அந்தப் பெண் கேள்விப்பட்டது உண்மையே.

பால், தேன் உட்பட உயிர்களிடமிருந்து வரும் எதையும் கொள்ளாதவர்களை இக்காலத்தில் வீகன் என்கின்றனர். தமிழில் நனிசைவம் என்பதுண்டு. சேர்த்த பொருள் பெரும்பாலும் அடியில் படிந்து நீங்கிவிட்டாலும், செய்முறையிலேயே அது பயன்படக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. அவர்களுக்கு ஏற்ற இரசம் செய்வது கடினமன்று. பென்டோனைட் என்னும் களிமண், கரி, பட்டாணிப் புரதம் ஆகியவற்றாலும் தெளியவைக்கலாம். ஒன்றுமே சேர்க்காமல் பல மாதங்கள் அசையாது வைத்து, தெளிவை மட்டும் மீண்டும் மீண்டும் இறுத்தெடுப்பதே எல்லாவற்றிலும் பழைய முறை.

பிரான்சில் யூல் ஷோவே என்பவர் வழியாகத் தோன்றிய இயற்கை மது இயக்கமும் இப்பழைய முறையையே விரும்புகிறது. பழத்தோடு வந்த ஈஸ்ட் மட்டும், வேறு சேர்க்கை இல்லை, வடிகட்டலும் இல்லை என்பது அதன் நெறி. 2020ஆம் ஆண்டு பிரான்சில் அங்கீகாரம் பெற்ற விதிகள், கெடாமல் காக்கும் கந்தக உப்பை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆனால் இயற்கையானது வேறு, நனிசைவம் வேறு. களிமண்ணால் தெளிந்து கந்தக உப்பு மிகுந்த இரசம் நனிசைவமாகலாம். இயற்கை மது ஆகாது. முட்டை வெண்கருவால் தெளிந்த இரசம் திருச்சபைச் சட்டப்படி செல்லக்கூடும், நனிசைவம் ஆகாது. புட்டியைப் பார்த்தும் அறிய இயலாது. நம் நாட்டில் மற்ற உணவுப் பொட்டலங்களில் காணும் பச்சைப் புள்ளியும் சைவமல்லாததைக் காட்டும் குறியும் மது வகைகளுக்குக் கட்டாயமில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நாமும் கேட்டோம். குருமடத்தில் நம்முடன் பயின்று, திருப்பலி இரசம் தயாரிக்கும் பொறுப்பில் இருக்கும் குருவுக்குக் கடிதம் எழுதினோம். “பழமும் பொறுமையும்தான் போடுகிறோம்; முட்டையும் இல்லை, மீனும் இல்லை. பல மாதம் தெளியவிட்டு மும்முறை இறுத்து, கெடாதிருக்கச் சிறிது கந்தக உப்பு மட்டும் சேர்க்கிறோம்” என்று பதில் வந்தது. அக்கடிதத்தை அந்தப் பெண்ணிடமே கொடுத்தோம்.

அதோடு மற்றொன்றும் சொன்னோம். அப்ப வடிவில் மட்டும் நற்கருணை பெறுபவரும் ஆண்டவரை முழுமையாகவே பெறுகிறார் என்பது திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562ஆம் ஆண்டு உறுதிசெய்த போதனை. ஆகவே வேறொரு நாள், வேறொரு பங்கில், விடை தெரியாத இரசம் இருந்தாலும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மனச்சான்றை வருத்த வேண்டியதும் இல்லை.

“இதைப் போய்க் கேட்கலாமா, சாமி?” என்று ஒரு பெரியவர் நம்மிடம் கடிந்துகொண்டார். கேட்கலாம். கேட்டதால்தான் நாம் கற்றோம். உணவின் பொருட்டுச் சகோதரனை வருத்தாதே என்பது புனித பவுல் உரோமையர்க்கு எழுதிய அறிவுரை. மதுரையில் ஒரு துறவி முட்டையும் மீனும் விட்டது இதற்காகவே. அவர் வழிவந்த மிஷனின் பிள்ளைகளாகிய நாம், இப்பெண்ணின் கேள்வியைச் சிரித்துத் தள்ளினால் நம் வரலாற்றையே மறந்தவர்கள் ஆவோம். இரசம் தூயதாக இருக்க வேண்டும் என்பது ஆண்டவருக்கு நாம் செலுத்தும் மரியாதை. அயலாரின் மனச்சான்றை மதிப்பது ஆண்டவரின் மக்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை. முன்னோர் இரண்டையும் சேர்த்தே காத்தனர்.

பாட்டியையும் நாம் மறந்துவிடவில்லை. யூபிலித் திருப்பலியில் காணிக்கைப் பவனியின்போது, பீடத்திற்குரிய இரசக் குப்பியை ஏந்தி வரப்போகிறவர் அவரே. அவர் வீட்டில் போட்ட ஒயின், பூசைக்குப்பின் பங்கு இல்ல முற்றத்தில் நடக்கும் அன்பின் விருந்தில் முதல் கிண்ணமாக வழங்கப்படும். செய்தியைச் சொன்னபோது, “அப்படின்னா இன்னும் ரெண்டு புட்டி போடுறேன், சாமி” என்றார்.

யவனர் கப்பலும், தோமா கிறிஸ்தவரின் உலர்ந்த திராட்சையும், துறவியின் கிண்ணமும், கம்பத்துப் பந்தலும் கடந்து நம் பீடத்திற்கு வந்து சேர்ந்த அந்தச் சிறு குப்பியை, இனிப் பீடச் சிறுவன் ஏந்தி வரும்போது சற்று உற்றுப் பாருங்கள். இவ்யூபிலி ஆண்டில் இறைவன் நம் பங்குக் குடும்பம் முழுவதையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.